துரைக்கோலும் நாலு கடதாசியும்

அண்ணன் என் மேசைமேல் நான்கு கடதாசித் துண்டுகளை வரிசையாக வைத்தார். நான்கும் மெல்லிய எண்ணெய்க் கடதாசி. ஒவ்வொன்றிலும் பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்த்த கருமை. கருமைக்கு நடுவே ஏதோ ஒரு குறி வெள்ளையாகத் தெரிந்தது.

சீசன் காலத்துக் காலை அது. சிவனொளிபாதமலைக்குப் போகும் கூட்டம் ரயிலில் வந்து இறங்கி, மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகும் பஸ்ஸுக்காக ஹட்டன் ஸ்டாண்டில் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தது. கம்பளித் தொப்பி போட்டவர்கள் என் கடை வாசலில் முண்டியடித்து ரீலோட் கேட்டார்கள். போட்டோ கொப்பி, டைப்பிங், மூன்று பாஷையிலும் படிவம் நிரப்புவது, கூடவே போனுக்கு ரீலோட், இதுதான் என் பிழைப்பு. அந்த நேரத்தில் கடதாசியை விரித்துவைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

அண்ணன் சிவலிங்கம், டிக்கோயாவுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்து ஸ்டோரில் பிட்டராக இருந்தவர். எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை. ஓய்வு பெற்றும் விடமாட்டார்கள், ஏதாவது மெசின் நின்றால் ஆள் அனுப்புவார்கள். அங்கே பாதி மெசின் வெள்ளைக்காரன் காலத்தது. ஒரு பாகம் உடைந்தால் அதன்மேல் குத்தியிருக்கும் எண் தெரிய வேண்டும். எண்ணோ துருவேறி மங்கிக் கிடக்கும். அண்ணன் அதன்மேல் கடதாசியை ஒட்டிப் பிடித்துப் பென்சிலால் தேய்ப்பார். கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் கடதாசிக்கு வந்துவிடும். அதை என்னிடம் கொண்டுவருவார், நான் போனில் படம் பிடித்துக் கொழும்பில் உதிரிப்பாகம் விற்கும் கடைக்கு அனுப்புவேன். முன்பெல்லாம் பேக்ஸ். இருபது வருடமாக இதே வேலை.

அன்றும் அப்படித்தான் நினைத்தேன். படம் பிடித்து, கடைக்காரரின் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கும்போது அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அனுப்பாத, ராணி."

"ஏண்ணே? எந்த மெசினு?"

"மெசின் இல்ல. மொதல்ல கடையச் சாத்து."

"சீசன் நேரத்துல கடையச் சாத்துனா நானும் மலை ஏறப் போக வேண்டியதுதான்."

அவர் சிரிக்கவில்லை. குனிந்து, என் காதுக்குப் பக்கத்தில் சொன்னார். "துவக்கு."

துப்பாக்கி! நான் கடையைச் சாத்தினேன்.

என் அறிவாளித்தனம்

முதல் கடதாசியில் ஒரு கிரீடம். அதன் கீழே ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து, அதற்கும் கீழே ஏதோ ஓர் ஆண்டின் முன்பாதி. பின்பாதி தேய்ந்துவிட்டது. இரண்டாவதில் மூன்று கோடுகள் மேலே ஒரு முனையில் கூடி நின்றன, சேற்றில் கோழி கால் வைத்த மாதிரி. மூன்றாவதில் அதே கோழிக்கால் இரண்டு, முனையோடு முனை முட்டி நின்றன. நாலாவதில் பெரிய எழுத்தில் டி, பி.

கிரீடம் வெள்ளைக்கார ராஜா காலத்தது என்பது எனக்கும் தெரிந்தது. கோழிக்கால் விளங்கவில்லை. டி, பி மட்டும் எனக்கு உடனே விளங்கியது. அதுதான் வினை.

ஆயிரக்கணக்கில் படிவம் நிரப்பியவள் என்ற திமிர் எனக்கு எப்போதும் உண்டு. எந்தச் சுருக்கெழுத்தைக் காட்டினாலும் விரித்துச் சொல்வேன். டிபார்ட்மென்டுக்கு டி, பொலிஸுக்கு பி என்று அண்ணனிடம் அடித்துச் சொன்னேன்.

"பொலிஸ் துவக்கா?" என்றார்.

"பின்ன? யாரோ எங்கயோ களவெடுத்துக் கொண்டாந்து போட்டிருக்கான்."

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். அடையாள அட்டை, எங்கள் பேச்சில் ஐடென்டி, அங்கே இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் அது. என் வாயை நினைத்தால் இப்போதும் எனக்கே ஓர் அறை விடலாம் போலிருக்கிறது.

பதினொரு மாதம்

அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

யுத்த காலத்தில் ஒரு தடவை ரோலர் மெசினின் பாகம் ஒன்று உடைந்தது. குழாய் மாதிரி ஓர் இரும்பு, முழங்கை நீளம். பொருத்தமானது வாங்கி வர அண்ணனையே கொழும்புக்கு அனுப்பினார்கள். அப்போது அவருக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். உடைந்த பாகத்தைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போய் ஒரு லொட்ஜில் தங்கினார். அன்றைக்கே அங்கே சோதனை வந்தது.

இது என்ன என்று கேட்டார்கள். தேயிலை மெசின் சாமான் என்றார். மேலே ஏதோ எண் குத்தியிருக்கிறதே, அது என்ன எண் என்றார்கள். எண் தேய்ந்துபோய் அவருக்கே தெரியவில்லை. தெரியாது என்று சொன்னார். தமிழன் கையில் இரும்புக் குழாய், அதில் தேய்ந்த எண், வாயில் தெரியாது என்ற பதில். கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அது தேயிலை மெசின் பாகம்தான் என்று எல்லோரும் ஒத்துக்கொள்ளப் பதினொரு மாதம் ஆனது. அதற்குள் அண்ணி ஒரு பிள்ளையைப் பெற்று, அந்தப் பிள்ளை தவழவும் தொடங்கியிருந்தது. வீட்டுக்கு வந்த மனுசனைப் பார்த்து அது வீறிட்டு அழுதது.

அதற்குப் பிறகு அண்ணன் இரும்பைக் கையில் எடுத்துக்கொண்டு தோட்ட எல்லையைத் தாண்டியதில்லை. இந்தக் கடதாசியில் தேய்த்து எடுக்கும் வித்தை அப்போது தொடங்கியதுதான். எண்ணை மட்டும் கொண்டுவருவார், இரும்பு இருந்த இடத்திலேயே இருக்கும். எங்கள் பக்கம் மெசின் வேலைக்காரரைப் பாஸ் என்போம், ஊரில் அவரைக் கெட்டிக்கார பாஸ் என்பார்கள். பயந்து பயந்து கற்றுக்கொண்ட கெட்டித்தனம் அது என்று எனக்கும் அண்ணிக்கும்தான் தெரியும்.

ஐடென்டியும் அப்படித்தான். பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருப்பார். மலைத் தண்ணீர் விழும் பீலியில் குளிக்கப் போனால் சவர்க்காரப் பெட்டிக்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும்படி வைத்துவிட்டுத்தான் தலையில் தண்ணீர் ஊற்றுவார். சோதனைச் சாவடிகள் எல்லாம் எடுத்து எவ்வளவோ காலமாகிவிட்டது. அண்ணனுக்கு மட்டும் எடுக்கவில்லை.

முனியின் சாமான்கள்

சரி, துவக்கு எங்கிருந்து வந்தது?

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால், சவுக்கு மரத்தடியில் முனியாண்டி இருக்கிறார். ஆயுத பூசைக்குத் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, மண் கிளறும் முள்ளு, மண்வெட்டி எல்லாம் அம்மன் முன்னால் வரிசையாக நிற்கும். முனிக்கு வருடம் முழுவதும் ஆயுத பூசைதான். நேர்ந்துகொண்டவர்கள் கொண்டுவந்து நட்ட அரிவாள், வேல், சாட்டை என்று அவர் பக்கம் பெரிய ஆயுதக் கிடங்கே உண்டு. எல்லாவற்றுக்கும் நடுவில் சிவப்புத் துணி சுற்றி, சந்தனம் அப்பி, ஆள் நெஞ்சளவுக்கு ஒரு கோல் நின்றது. அதற்குப் பெயர் துரைக்கோல்.

அந்தக் காலத்துத் துரை ஒருவர் காய்ச்சலில் விழுந்து பிழைக்கமாட்டார் என்று ஆகிவிட்டதாம். துரைசாணி முனிக்கு நேர்ந்துகொண்டாராம். துரை எழுந்து நடந்ததும் தன் கோலைக் கொண்டுவந்து காணிக்கையாகக் கொடுத்தாராம். நாங்கள் கேட்டு வளர்ந்த கதை இது. பெண்கள் முனிக்குக் கிட்டப் போகக்கூடாது, எட்டி நின்று கும்பிடுவதோடு சரி. கோலின் இடுப்புப் பக்கம் ஓர் ஓட்டை, அதில் எப்போதும் ஊதுபத்தி புகையும். எனக்குத் தெரிந்தது அவ்வளவே.

அந்த வருடம் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் செய்வதென்று முடிவாகியிருந்தது. அண்ணன்தான் கோயில் தலைவர். எல்லாவற்றையும் கழுவித் துடைக்கச் சொன்னார். பூசாரி மாணிக்கம் துரைக்கோலைப் பீலிக்குத் தூக்கிக்கொண்டு போய், துணியை அவிழ்த்து, வெந்நீரும் தேசிக்காய்ப் புளியும் போட்டுத் தேய்த்திருக்கிறான். சந்தனம் கரையக் கரைய மரக்கட்டை வந்தது. பிறகு இரும்பு வந்தது. பிறகு விசை வந்தது. மாணிக்கம் அதைத் தன் வேட்டியில் சுற்றிக்கொண்டு, துண்டோடு அண்ணன் வீட்டுக்கு ஓடி வந்தானாம்.

துணி சுற்றியது அவனுடைய அப்பா. எங்களுக்கு விவரம் தெரியும் முன்பே, ஏதோ ஒரு கலவர காலத்தில், கண்ணில் படவேண்டாம் என்று சுற்றிச் சந்தனம் பூசியிருக்க வேண்டும். மகனிடம் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். இன்னும் நாலு கிழங்கட்டைகளுக்குத் தெரிந்திருக்கும், அவர்களும் வாயைத் திறக்கவில்லை.

மாணிக்கத்துக்கு முதலில் வந்த பயம் போய், பிறகு பக்தி வந்துவிட்டது. "இங்க பாருங்க தலைவரே, இது சூலம்" என்று அண்ணனிடம் கோழிக்காலைக் காட்டினானாம். முட்டி நிற்கும் இரண்டு கோழிக்கால் முருகனுடைய ஆறுமுனை நட்சத்திரமாம். கட்டையில் வெள்ளை மை பூசிய ஒரு பட்டை இருந்ததாம். அது திருநீற்றுப் பட்டையாம். விட்டால் கிரீடத்தை அம்மனுக்குக் கொடுத்திருப்பான்.

தண்ணீரில் போட்டால் என்ன?

என் யோசனை குளம். டிக்கோயாவுக்குக் கீழே அவ்வளவு பெரிய நீர்த்தேக்கம் இருக்கிறது, கல்லைக் கட்டிப் போட்டுவிட்டு வந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "வறட்சி வந்து தண்ணி வத்துனா முங்கிப்போன பழைய கோயிலே வெளிய தலையக் காட்டுது. துவக்கு காட்டாதா? அப்ப யாரு போட்டதுன்னு கேப்பாங்க. மொதல்ல யாரக் கேப்பாங்க?"

அவருடைய யோசனை அரம். எழுத்தையெல்லாம் அரத்தால் ராவி அழித்துவிட்டால் வெறும் பழைய இரும்பு என்று சொல்லிவிடலாம். அரத்தைக் கையில்கூட எடுத்துவிட்டாராம். ஆனால் ராவ முடியவில்லை என்றார்.

"ஏண்ணே?"

"அன்னிக்கு எங்கிட்ட இருந்த சாமான்ல நம்பர் தெளிவா இருந்திருந்தா நான் ஒரு நாள்ல வீட்டுக்கு வந்திருப்பேன், புள்ள. இருக்கிற எழுத்த நானே எப்புடி அழிக்கிறது?"

வெளியே யாரோ கதவைத் தட்டி ரீலோட் கேட்டார்கள். இல்லை, இயந்திரம் பழுது என்று கத்தினேன்.

பிறகு அண்ணன் கடதாசிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அவருக்குள் இருக்கும் பிட்டர் விழித்துக்கொண்டது தெரிந்தது.

"ஒரு மெசினு என்னன்னு தெரியலன்னா யாருகிட்ட கேப்போம்?"

"கடைக்காரன்கிட்ட."

"இல்ல. அத ஓட்டுனவன்கிட்ட."

எங்கள் ஸ்டோர் வாசலில் காவலுக்கு இருந்தவர் பண்டார மாத்தயா; சிங்களத்தில் மாத்தயா என்றால் ஐயா. இராணுவத்தில் சார்ஜன்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வாசலுக்கு வந்து ஏழெட்டு வருடம் இருக்கும். அண்ணன் ஸ்டோருக்குப் போகும்போதெல்லாம் அவரைத் தாண்டித்தான் போய் வருவார். தலையாட்டுவதோடு சரி, நின்று ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் கெட்டவர் என்பதால் அல்ல, அவர் போட்டிருந்த பழைய பூட்சைப் பார்த்தால் அண்ணனுக்குக் கால் தானாக வேகம் பிடிக்கும்.

அந்த மனிதரிடம் போய்க் கேட்பதாம். ஆனாலும் கடையைப் பூட்டிக்கொண்டு அண்ணனோடு டிக்கோயா பஸ்ஸில் ஏறினேன். தனியாக அனுப்ப மனம் வரவில்லை.

வாசல் வரை

நாங்கள் போனபோது பண்டார மாத்தயா காவல் கூண்டில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். கையில் கருப்பட்டித் துண்டு. காய வைக்கும் தேயிலையின் வாசனை வாசல் வரை வந்தது. அண்ணன் நின்றதைப் பார்த்ததும் அவரே எழுந்துவிட்டார், இதுவரை நிற்காத ஆள் ஆயிற்றே.

அண்ணன் முதலில் ஐடென்டியை எடுத்தார். யார் கேட்டது? பிறகு அதைப் பைக்குள் போட்டுவிட்டு, கடதாசிகளை எடுத்துக் கூண்டின் பலகையில் விரித்தார். ஒன்று கீழே விழுந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். டி, பி.

பண்டார மாத்தயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். முதல் கடதாசி, இரண்டாவது, மூன்றாவது. மூன்றாவதில் உதட்டைப் பிதுக்கினார். நாலாவதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"பாஸ், இது எங்க இருக்கி?"

நான்தான் சொன்னேன். "நம்ம முனி கோயில்ல, மாத்தயா. சத்தியமா எங்களுக்குத் தெரியாது. கழுவும்போதுதான் தெரிஞ்சுது."

"மரத்துல வெள்ளப் பெயின்ட் இருக்கா?"

"இருக்கு. பட்டையா."

"இரும்புல ஓட்ட இருக்கா? இந்த இடத்துல, சைட்ல?" அவர் தன் டீக் கோப்பையின் பக்கவாட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

அண்ணன் இப்போதுதான் வாயைத் திறந்தார்.

"ஊதுபத்தி குத்துற ஓட்டை."

பண்டார மாத்தயா சிரித்த சிரிப்பில் கூண்டுக்குள் படுத்திருந்த நாய் எழுந்து வெளியே போய்விட்டது. சிரித்து முடித்து, அண்ணனின் தோளில் கை வைத்தார். "பய வென்ன எப்பா, பாஸ்" என்றார். பயப்படாதே என்று அர்த்தம். அண்ணனிடம் அந்தப் பாஷையில் இதற்கு முன்பு யாராவது இதைச் சொல்லியிருப்பார்களா என்று எனக்குத் தெரியாது.

டி, பி என்றால் டிரில் பர்பஸாம். அணிவகுப்புப் பழக மட்டும் கொடுக்கும் துவக்கு. பழசாகி இனிச் சுட ஆகாது என்று ஒதுக்கியதை, யாரும் தவறிக்கூடச் சுட்டுவிடக்கூடாது என்பதற்காகப் பக்கவாட்டில் மறுபக்கம் வரை துளை போட்டு, உள்ளே இருக்கும் ஊசியின் நுனியையும் வெட்டிவிடுவார்களாம். தெரியாதவர்களுக்கும் தெரியட்டும் என்று வெள்ளைப் பட்டை அடிப்பார்களாம்.

"இஸ்கோல்ல படிக்கிறப்ப கடெட் படையில நானும் தூக்கினதுதானே. என்ன பாரம்! சுடுன்னு சொன்னா நாங்க வாயால டோ டோன்னு சத்தம் போடுவோம்."

அப்படியானால் என் டிபார்ட்மென்ட் ஆஃப் பொலிஸ்? அதைப் பற்றி அண்ணன் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்டதில்லை. அவ்வளவு நல்ல மனிதர்.

சேலையின் நிறம்

பின்னேரம் வேலை மாறியதும் மாத்தயா கோயிலுக்கு வந்தார். பூட்சையும் தோல் பெல்டையும் வேலியோரம் கழற்றிவைத்துவிட்டு, முதலில் அம்மனைக் கும்பிட்டார். முனியையும் கும்பிட்டார். மாணிக்கம் அவருக்குத் திருநீறு கொடுத்த விதத்தைப் பார்த்தால், துரைக்கோலைப் பிடுங்கிக்கொண்டு போகாமல் இருக்க லஞ்சம் கொடுப்பது போலிருந்தது.

துவக்கை வெள்ளைத் துணியில் கிடத்தியிருந்தார்கள். அன்றைக்கு முனி கோபித்தாலும் பரவாயில்லை என்று நானும் கிட்டப் போய்விட்டேன். ஓட்டைக்குள் ஊதுபத்திக் குச்சியின் அடித்துண்டுகளும் சாம்பலும் கல்லாக இறுகிக் கிடந்தன. அண்ணன் ஒரு கம்பியால் மெல்லக் குத்திக் குத்தி எடுத்தார். எத்தனை பேருடைய வேண்டுதலோ, கைப்பிடி அளவு வந்தது. மாணிக்கம் அதை வாழை இலையில் வாங்கிக்கொண்டான்.

கடைசித் துண்டு வெளியே வந்ததும் மாத்தயா துவக்கைப் பக்கவாட்டில் தூக்கிப் பிடித்தார். "பாருங்க பாஸ்."

அண்ணன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"என்னண்ணே தெரியுது?"

"ஒன் சேல தெரியுது. பச்ச."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எதிரிகளை விரட்ட முனிக்குத் துரை கொடுத்த ஆயுதம், ஓட்டை விழுந்த பயிற்சித் துவக்கு. காய்ச்சலில் இருந்து பிழைத்த மனிதன் சாமியிடமே கைவரிசையைக் காட்டியிருக்கிறான். நம் ஆட்களும் அந்த ஓட்டையையே பார்த்து, இது ஊதுபத்திக்குத்தான் என்று குத்தி வைத்திருக்கிறார்கள். இந்தத் துவக்கு சுடாது என்பதற்கான அத்தாட்சியின் முன்னால் நின்றுதான் இத்தனை வருடமும் கும்பிட்டிருக்கிறோம்.

ஒரு சங்கடம் மட்டும் மிச்சமிருந்தது. கோழிக்கால் அரசாங்கத்துச் சொத்து என்பதற்கான அம்புக்குறி என்று மாத்தயா சொன்னார். முட்டி நிற்கும் இரண்டு அம்பு என்ன என்று அவருக்கும் தெரியவில்லை. அரசாங்கத்துச் சொத்து கோயிலில் எப்படி வந்தது என்று கேட்டால்?

"எடுத்துட்டுப் போக வேணாம். இருந்த எடத்துல இருக்கட்டும். நாங்க போயி சொல்லுவோம், அவங்க வந்து எடுக்கட்டும். நானும் வாறன்" என்றார் மாத்தயா.

ஒரு கடிதம், மூன்று தடவை

மறுநாள் சிங்களத்திலும் தமிழிலும் நானே கடிதம் டைப் செய்தேன். மூவருமாகப் பொலிஸுக்குப் போனோம். மாத்தயா மடிப்புக் கலையாத சட்டையில் வந்திருந்தார். அண்ணன் உட்காரும் முன்பே ஐடென்டியை எடுத்து மேசையில் வைத்தார். அங்கிருந்த அதிகாரி அதை எடுத்துப் பார்க்காமல், கடிதத்தை வாசித்தார். மாத்தயாவிடம் நாலு கேள்வி, அண்ணனிடம் இரண்டு கேள்வி. ஜீப் வந்தது, துவக்கை எடுத்தார்கள், பற்றுச்சீட்டுக் கொடுத்தார்கள். பரிசோதனைக்கு அனுப்புவோம், பதில் வரும் என்றார்கள்.

பதில் வரும் வரை அண்ணன் சரியாகச் சாப்பிடவில்லை என்று அண்ணி சொன்னார். ரோட்டில் வாகனச் சத்தம் கேட்டால் எழுந்து சட்டையைப் போட்டுக்கொள்வாராம். ஓட்டை வழியாகச் சேலையைப் பார்த்தவர்தானே, இன்னும் என்ன பயம் என்று நான் கடிந்துகொண்டேன். வாய் அப்படிச் சொன்னாலும், கடைப் பக்கம் யூனிபோர்ம் தெரிந்தால் எனக்கும் படிவத்தில் எழுத்துப் பிழை வந்தது.

சீசன் முடியும் சமயம் கடிதம் வந்தது. அண்ணன் உறையைப் பிரிக்காமலே என்னிடம் கொண்டுவந்தார். சிங்களத்தில் ஒரே ஒரு பக்கம். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுடும் தகுதி இல்லாதது. பயிற்சிக்கு மட்டும் பயன்பட்டது. முனையோடு முனை சேர்ந்த இரண்டு அம்புகள், அது அரசாங்கத்தின் கையைவிட்டு முறைப்படி விற்கப்பட்டதைக் குறிக்கும். இது தொடர்பாக யார்மீதும் நடவடிக்கை இல்லை.

"இன்னொரு தடவ வாசி."

வாசித்தேன்.

"அந்தக் கடைசி வரிய மட்டும்."

மூன்றாம் தடவையும் வாசித்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் தேத்தண்ணி கிடைக்குமா என்று கேட்டார். இரண்டு பணிசு ரொட்டியும் சாப்பிட்டார்.

கோயில் எழுத்தில் கேட்டால் துவக்கைத் திருப்பித் தரலாம் என்றும் கடிதத்தில் இருந்தது. "அவங்களே வெச்சுக்கட்டும்" என்றார் அண்ணன். ஆயுதம் இல்லாமல் முனி எப்படி நிற்பார் என்று மாணிக்கம் அழாக்குறையாகக் கேட்டபோது, நான் ஒன்று செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

பையில் இல்லாதது

கும்பாபிஷேகத்துக்கு இரண்டு நாள் முன்பு அண்ணன் கடைக்கு வந்தார். கையில் பழைய பேப்பர் சுற்றிய நீளமான ஒரு பொருள். மேசைமேல் வைத்தபோது கணீரென்றது.

பேப்பரைப் பிரித்துக் காட்டினார். உடைந்த ரோலரின் தண்டு ஒன்று, பளபளவென்று தேய்த்தது. இடுப்புப் பக்கத்தில் துல்லியமாக ஓர் ஓட்டை. லேத் கடையில் கொடுத்துத் துளை போட்டு வாங்கிக்கொண்டு நேராக வருகிறாராம்.

"நல்லா பாரு. இதுல ஒரு எழுத்தும் இல்ல" என்றார் பெருமையாக.

தடவிப் பார்த்தேன். ஓர் எண் இல்லை, ஓர் அம்பு இல்லை. முனிக்குப் பிடிக்கும் என்றேன். கடைசியில் அவருக்கு ஒரு நேர்மையான ஆயுதம் கிடைத்திருக்கிறது.

வந்த வேலை வேறு. ஒலிபெருக்கி அனுமதிப் படிவம் நிரப்ப வேண்டும், அதற்குத் தலைவரின் ஐடென்டி கொப்பி வேண்டும். நான் படிவத்தை நிரப்பிவிட்டுக் கையை நீட்டினேன். அண்ணன் சட்டைப் பையில் கை விட்டார். காற்சட்டைப் பையில் விட்டார். மறுபடியும் சட்டைப் பை.

"வீட்டுல வெச்சிட்டு வந்துட்டேன் போல" என்றார்.

சாதாரணமாகத்தான் சொன்னார். என் முகத்தைப் பார்த்துத்தான் அவருக்கே உறைத்தது. ஒரு கணம் அப்படியே நின்றார். கை மட்டும் இன்னும் வெறும் பையின் மேலேயே இருந்தது. பிறகு கையை எடுத்துவிட்டார்.

"பரவாயில்லண்ணே. நாளைக்குக் கொண்டாங்க" என்றேன். அதற்குமேல் பேசினால் அழுதுவிடுவேன் என்று பயந்து, பிரின்டரைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

அவர் தண்டைப் பேப்பரில் சுற்றவில்லை. அப்படியே தோளில் சாய்த்துக்கொண்டு, டிக்கோயா பஸ்ஸைப் பிடிக்கப் படியிறங்கினார். நான் கடையைப் போட்டது போட்டபடி வாசலுக்கு வந்து பார்த்தேன். தோளில் வெயில் பட்டு மின்னும் இரும்பு, பையில் ஐடென்டி இல்லை. ஹட்டன் ஸ்டாண்டு முழுவதையும் அண்ணன் மெதுவாக நடந்து கடந்தார்.